எழுப்பாமல் பெருக்குகிறவள்

பஸ் நிலையத்தின் இரண்டாவது பிளாட்பாரத்தை ஒரு நாளைக்கு மூன்று தடவை பெருக்க வேண்டும். காலை ஆறு மணிக்கு, பதினொரு மணிக்கு, பிற்பகல் மூன்று மணிக்கு. பதினொரு வருஷமாக அந்த வேலையைச் செய்கிறவளைப் பெரியக்கா என்று கூப்பிடுவார்கள். முதல் பிளாட்பாரத்தைப் பெருக்குகிறவள் அவளைவிட மூன்று வயது இளையவள், ஆகவே சின்னக்கா. இருவருக்கும் ரத்த சம்பந்தம் எதுவும் இல்லை. ஒரே குழாயடியில் துடைப்பம் கழுவுகிற உறவுதான்.

பெருக்குவதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று நினைப்பவர்கள் அந்த இரண்டாவது பிளாட்பாரத்துக்கு ஒரு நாள் வந்து துடைப்பத்தைப் பிடித்துப் பார்க்கட்டும். அங்கே எந்த நேரமும் ஏழெட்டுப் பேர் படுத்திருப்பார்கள். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் இல்லை. போக ஒரு வீடு இல்லாதவர்கள். அவர்கள் மேல் தூசி பறக்காமல், காலில் துடைப்பம் படாமல், தலைமாட்டில் சத்தம் வராமல், குனிந்து வளைந்து ஒவ்வொருவரையும் சுற்றிப் பெருக்க வேண்டும். ஆள் எழுந்து போன பிறகு அவர் படுத்திருந்த இடம் மட்டும் புழுதியோடு தலை, தோள், கால் என்று உருவமாகக் கிடக்கும். அடுத்த தடவை வரும்போது பெரியக்கா அதை ஒரே வீச்சில் அள்ளிவிடுவாள்.

இந்த வழக்கத்தை ஆரம்பித்துவைத்தவர் நாலுசட்டை. மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கிருந்தோ வந்து நாலாவது தூணோரம் இடம்பிடித்த மனிதர். ஐம்பது வயது இருக்கும். ஒன்றின்மேல் ஒன்றாக நாலு சட்டை போட்டிருப்பார், கோடையிலும்தான். கழற்றி வைத்தால் காணாமல் போய்விடும் என்று பயம். "பீரோவை உடம்புல மாட்டிக்கிட்டுத் திரியறேன்க்கா" என்று சிரிப்பார்.

முதல் நாள் பெரியக்கா மற்றவர்களை எழுப்புவது போலத்தான் துடைப்பக் கட்டையால் தூணில் தட்டி அவரையும் எழுப்பினாள். அவர் கோபப்படவில்லை. கைகூப்பினார்.

"அக்கா, ராத்திரி பூரா கண்ணை மூட முடியாது. ஒருத்தன் பையை உருவுவான், இன்னொருத்தன் லத்தியால தட்டுவான். பகல்ல தூங்கினாத்தான் உண்டு. என்னைச் சுத்திப் பெருக்கிக்குங்க. எழுப்ப மட்டும் எழுப்பாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவளுக்கு மனசு இளகிவிட்டது. ஒருவரை விட்டுவிட்டு அடுத்தவரை எழுப்ப முடியாதே, எல்லோரையும் தூங்கவிட்டாள். மேற்பார்வையாளர் வந்து, "இது என்ன பஸ் ஸ்டாண்டா, லாட்ஜா?" என்று கத்தும்போதெல்லாம், "எழுப்பினேன் சார், திரும்பப் படுத்துக்கிட்டாங்க" என்று பச்சைப் பொய் சொல்லிச் சமாளிப்பாள். பெருமையாகவும் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும். யாருக்கும் எதையும் தூக்கிக் கொடுக்க வசதியில்லாதவள் தினமும் எட்டுப் பேருக்குத் தூக்கத்தைக் கொடுத்தாள். வீட்டில் கணவரிடம் அதைச் சொல்லிச் சொல்லி அவர் காது புளித்துப் போயிருந்தது.

அந்த நாள் வந்தது கோடையின் ஐந்தாவது வாரத்தில். பதினொரு மணிக்கே பிளாட்பாரத்தின் தகரக் கூரை படபடவென்று வெடிக்கிற மாதிரி சத்தம் போட்டது. குழாயைத் திறந்தால் வெந்நீர் வந்தது. நாலுசட்டை தலை முதல் கால் வரை போர்வையால் மூடிப் படுத்திருந்தார். ஈயும் வெளிச்சமும் தூங்க விடாது என்பதால் எப்போதும் அப்படித்தான் படுப்பார். போர்வைக்குள் ஏதோ முணுமுணுப்பு கேட்டது. ஒரு கால் வெடுக் வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. பெரியக்கா குனிந்து, "சரி சரி, நான் எழுப்பல. நீங்க தூங்குங்க" என்று சொல்லிவிட்டு அவரைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டு போனாள்.

மூன்று மணிக்கு வந்தபோது அவருடைய வலது கை போர்வைக்கு வெளியே கிடந்தது. துடைப்பம் அதில் பட்டது. தூக்கத்தில்கூடத் துடைப்பம் பட்டால் தானாக உள்ளே போகிற கை, அன்று நகரவில்லை. பெரியக்கா அதை எடுத்தாள். கொதித்தது. அவளுடைய நெற்றியிலிருந்து வேர்வை சொட்டிக்கொண்டிருக்க, அந்தக் கையில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. காகிதம் மாதிரி வறண்டிருந்தது. 'காய்ச்சல் போல, பாவம், தூங்கட்டும்' என்று நினைத்தாள். கையைப் போர்வைக்குள் வைத்து, போர்வையை இழுத்துவிட்டு, அடுத்த தூணுக்குப் போய்விட்டாள்.

ஐந்து மணிக்கு ஒரு பயணியின் பெட்டி அவர்மேல் இடித்தது. அப்போதும் அசையாததைப் பார்த்துத்தான் கூட்டம் கூடியது.

ஆம்புலன்ஸில் வந்தவர் சட்டைகளைக் கத்தரியால் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தார். நாலாவதை வெட்டியதும் கையை எடுத்துவிட்டார். "வெயில்தான். இந்த வாரத்துல இது ஆறாவது ஆளு. தொட்டுப் பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்கும். உடம்பு கொதிக்கும், வேர்வை நின்னுரும், பேச்சு குழறும். என்ன கிழமைன்னு கேட்டா ஏதாவது உளறுவாங்க. மூணு மணி வாக்குல யாராவது எழுப்பி, தண்ணிய ஊத்தி நனைச்சிருந்தாக்கூட ஆள் பொழைச்சிருப்பார்." யாரையும் குற்றம் சொல்லவில்லை அவர். தினமும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன குரலில் சொன்னார். பிறகு கூட்டத்தை நிமிர்ந்து பார்த்து, "யாராவது தொட்டுப் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"இல்லை சார்" என்றாள் பெரியக்கா. வேறு யாரும் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவள்தான் முந்திக்கொண்டு சொன்னாள்.

உடலைத் தூக்கிக்கொண்டு போனதும் நாலாவது தூணோரம் அந்தப் புழுதி உருவம் கிடந்தது. மறுநாள் காலையில் அதைப் பெருக்கினாள். பெருக்கியது போதாதென்று இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றித் தேய்த்தும் விட்டாள். பதினொரு மணிக்கு வந்து பார்த்தால், மெல்லிசாக, தலையும் தோளும் தெரிந்தன. மூன்று மணிக்குக் காலும் வந்துவிட்டது. நாலைந்து நாள் இதே கதைதான். தேய்ப்பாள், காய்ந்து போகும், அடுத்த தடவை வரும்போது அவர் படுத்திருப்பார்.

கடைசியில் சின்னக்காவிடம் சொன்னாள். அவள் பேய் பிசாசு என்று ஏதாவது சொல்லியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

"பேயும் இல்ல, பூதமும் இல்ல. நீதான்க்கா அந்த இடத்தச் சுத்திப் போற. நான் அந்தப் பக்கத்துலேருந்து தினம் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். அங்க வந்ததும் உன் கை தானா வளையுது. குனிஞ்சு பாத்து, ஏதோ பேசிட்டு வேற போற."

"பேசறேனா? என்ன பேசறேன்?"

"எனக்கு எங்க கேக்குது. யாரையோ தூங்க வைக்கிற மாதிரி இருக்கு."

பேயாக இருந்தால் பயப்படலாம், ஓடலாம். தன் கையே தன் பேச்சைக் கேட்காவிட்டால் எங்கே ஓடுவது?

வீட்டிலும் விடவில்லை அது. அவள் கணவர் முப்பது வருஷம் பஸ் ஓட்டி, முழங்கால் தேய்ந்து வீட்டோடு உட்கார்ந்தவர். ஒற்றை அறை, ஒரு மின்விசிறி, சாப்பிட்டதும் ஒரு குட்டித் தூக்கம் என்று காலத்தை ஓட்டுகிறவர். விடுமுறை நாளில் அவர் பகலில் தூங்கினால் பெரியக்காவுக்கு உட்கார முடியாது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போய்க் கையைத் தொடுவாள். உலுக்குவாள்.

"என்னங்க, இன்னைக்கு என்ன கிழமை?"

"ஏன், எனக்குப் பொண்ணு பாக்கப் போறியா? கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டு நடந்ததில்ல. இப்பக் கிழமை கேக்க வந்துட்டா."

"சொல்லுங்களேன்."

"செவ்வாய். போதுமா? அந்தாளு வெயில்ல செத்தாரு. நீயா கொன்ன? விடு."

அன்று போர்வைக்குள் கேட்ட முணுமுணுப்பைப் பற்றி அவருக்குத் தெரியும். மூன்று மணிக்குத் தொட்ட கையைப் பற்றித் தெரியாது. அவரிடமும் அதை அவள் சொல்லவில்லை.

அந்த வாரத்திலிருந்து அவள் பிளாட்பாரத்தில் எல்லோரையும் எழுப்ப ஆரம்பித்தாள். பெருக்குகிற மூன்று வேளை மட்டுமில்லை, மணிக்கொரு தடவை. போர்வையை இழுப்பாள், தோளைத் தட்டுவாள், தண்ணீர் பாட்டிலை நீட்டுவாள், கிழமை கேட்பாள். தப்பாகச் சொன்னால் தலையில் தண்ணீரைக் கவிழ்த்துவிடுவாள். சிக்கல் என்னவென்றால் அங்கே படுத்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு நல்ல நாளிலேயே கிழமை தெரியாது. அஞ்சாவது தூணில் படுக்கிற மூட்டைக்காரி, கையில் அணைத்த மூட்டையை விடாமல், வாய்க்கு வந்தபடி திட்டினாள்.

"கிழமை தெரிஞ்சு நான் எந்த ஆபீசுக்குப் போகணும்? ராத்திரி போலீஸ்காரன் எழுப்பறான், பகல்ல நீ எழுப்பற. அவனுக்காவது சம்பளத்துல அது ஒரு வேல. உனக்கு என்னக்கா வந்துச்சு?"

"ஒனக்கு நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"நல்லது பண்ணாம முன்ன மாதிரி இரு. போதும்."

பெரியக்கா அப்படி இருக்கவில்லை. எழுப்பினாள், எழுப்பிக்கொண்டே இருந்தாள். ஒருவர் செருப்பைத் தூக்கி எறிந்தார். இன்னொருவர் அழுதே விட்டார், இரண்டு நாளாகத் தூங்கவில்லை என்று. அவளுக்கும் அழுகை வந்தது, ஆனாலும் அவர் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள். பத்தே நாளில் பிளாட்பாரம் ஒவ்வொரு தூணாகக் காலியாயிற்று. கடைசியாக மூட்டைக்காரியும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மேற்பார்வையாளருக்குத் தலைகால் புரியவில்லை. "சபாஷ் பெரியக்கா! மூணு வருஷமா நான் தொண்டை கிழியக் கத்தியும் நடக்காதது. இப்பத்தான் இது பிளாட்பாரம் மாதிரி இருக்கு" என்று எல்லோர் முன்னாலும் பாராட்டினார்.

அவளுக்கு அந்தப் பாராட்டு சுரீரென்றது. அவர்கள் பிழைக்க வேண்டும் என்று எழுப்பினாள். கடைசியில் மேற்பார்வையாளர் கேட்ட வேலையையல்லவா செய்து முடித்திருக்கிறாள்! வெறும் தூண்களைப் பார்த்தாள். வெளியே வெயில் கண்ணைக் கூசவைத்தது. அந்த வெயிலில் ஏழு பேர் எங்கே போயிருப்பார்கள் என்று அப்போதுதான் யோசித்தாள். தகரக் கூரையானாலும் கூரை. அந்த நிழலிலிருந்து அவர்களைத் துரத்தியவள் அவள்தான்.

சின்னக்காவிடம் ஓடினாள். "எங்கடி போனாங்க எல்லாரும்?"

"ஆளுக்கொரு பக்கம். ரெண்டு மூணு பேரு ஆத்துப்பாலத்துக்குக் கீழ. மூட்டைக்காரி, பின்னாடி கண்டம் வண்டி நிக்கிற எடத்துக்குப் போனதப் பாத்தேன். அங்கதான் யாரும் எழுப்ப மாட்டாங்கன்னு சொல்லிட்டுப் போனா."

கண்டம் வண்டி என்றால் இனி ஓடாது என்று கழித்துக் கட்டின பஸ். பணிமனைக்குப் பின்னால் மதிலோரம் ஒன்பது வண்டிகள் வெட்டவெளியில் நின்றன. மணி ஒன்றேகால். பெரியக்கா துடைப்பத்தைப் போட்டுவிட்டுக் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்ட மாதிரி ஓடினாள்.

ஒவ்வொரு வண்டியாக ஜன்னலில் தட்டிக்கொண்டே போனாள். ஏழாவது வண்டியின் கதவுக் கைப்பிடி உட்பக்கம் சேலைத் துணியால் கட்டியிருந்தது. ஜன்னல்கள் எல்லாம் இறுக்கி மூடியிருந்தன. தனியாகத் தூங்குகிற பெண்பிள்ளை வேறு என்ன செய்வாள்? திறந்து போட்டுக்கொண்டு தூங்க அவளுக்கு என்றைக்குக் கொடுத்துவைத்தது?

"மூட்டை! ஏ மூட்டை! எந்திரி!"

சத்தமில்லை. பழைய வண்டிகளில் ஓட்டுநர் பக்கத்துக் கதவை மேலே தூக்கி இழுத்தால் தாழ் விட்டுவிடும் என்று கணவர் எப்போதோ சொல்லியிருந்தார். தூக்கி இழுத்தாள். இரும்பு உள்ளங்கையைச் சுட்டது. மூன்றாவது இழுப்பில் கதவு திறந்துகொண்டது. உள்ளேயிருந்து வந்த சூடு அடுப்பைத் திறந்த மாதிரி முகத்தில் அடித்தது. கடைசி நீள இருக்கையில் மூட்டைக்காரி மூட்டையை அணைத்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள்.

பெரியக்கா அவள் கையை எடுத்தாள். கொதித்தது. வறண்டிருந்தது. இந்தக் கையை அவளுக்குத் தெரியும்.

"இன்னைக்கு என்ன கிழமை? சொல்லு! சொல்லித் தொலை!"

மூட்டைக்காரி பாதிக் கண்ணைத் திறந்தாள். "வண்டி... எப்பக் கெளம்பும்?" என்று கேட்டாள். நாக்கு ஒட்டிக்கொண்டு குழறியது. "அம்மாவுக்கு... எடம் போட்டு வெச்சிருக்கேன்."

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் பெரியக்காவுக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். அக்குளில் கை கொடுத்து இழுத்தது, கதவில் கட்டிய துணியைப் பல்லால் அவிழ்த்தது, படியில் இருவருமாக விழுந்தது. மதில் நிழல் ஒரு முழம்தான் இருந்தது. அதில் கிடத்திவிட்டுத் தொண்டை கிழியக் கத்தினாள். பணிமனை ஆட்கள் வாளியோடு வந்தார்கள். தலை, கழுத்து, அக்குள், தொடை என்று ஊற்றிக்கொண்டே இருந்தாள். சின்னக்கா ஈரத்துணியால் விசிறினாள். "செத்துராத. நீயும் செத்துராத" என்று தான் சொல்லிக்கொண்டிருந்ததைச் சின்னக்கா பிறகு சொல்லித்தான் அவள் அறிந்தாள். ஆம்புலன்ஸ் வந்தபோது மூட்டைக்காரி முனகிக்கொண்டிருந்தாள். முனகுகிறாளே, உயிர் இருக்கிறது.

நாலாம் நாள் பிற்பகல், பார்வையாளர் நேரத்தில் பெரியக்கா ஆஸ்பத்திரிக்குப் போனாள். நீளமான வார்டு, சுவரோரக் கட்டில். மூட்டைக்காரி தலையணைக்குப் பதில் மூட்டையை வைத்துப் படுத்திருந்தாள். கையில் ஊசி குத்திக் குழாய் ஓடியது. முகம் தெளிந்திருந்தது. பெரியக்காவைப் பார்த்ததும், "வெள்ளிக்கிழமை" என்றாள். இருவரும் சிரித்தார்கள்.

சிரித்து முடித்ததும் பெரியக்கா, "திரும்ப அங்கயே வந்துரு. நிழலாவது இருக்கு. மத்தவங்களயும் கூப்பிடு" என்றாள்.

"வர மாட்டேன்க்கா. உசிரக் காப்பாத்துன, கோடி கும்புடு. ஆனா நீ தூங்க விட மாட்ட. தூங்காம எத்தன நாளைக்கு உசுரோட இருக்கிறது?"

"எழுப்ப மாட்டேன். சத்தியமா எழுப்ப மாட்டேன். கையை மட்டும் தொட்டுப் பாத்துக்கறேன். அது போதும்."

"கையைத் தொட்டா என்ன தெரியும்?"

பெரியக்கா ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். ஆம்புலன்ஸ்காரர் சொன்னார் என்று சொல்லியிருக்கலாம், அதுவும் உண்மைதான். ஆனால் இத்தனை நாள் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது அதற்குமேல் உள்ளே இருக்க மாட்டேன் என்றது.

"எல்லாம் தெரியும். அவர் கையையும் அன்னைக்குத் தொட்டேன். மூணு மணிக்கு. உன் கை இருந்த மாதிரியேதான் இருந்துச்சு. உசுரு இருந்துச்சு அப்ப. நான் எழுப்பல. உள்ள எடுத்து வெச்சு மூடிட்டுப் போயிட்டேன். கேட்டப்ப யாரும் தொடலன்னு பொய் சொல்லிட்டேன். நான்தான்... நான் எழுப்பியிருந்தா..." பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்க்கிறார்களே என்றுகூடத் தோன்றாமல் அழுதாள்.

திட்டுவாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள், எல்லோரிடமும் சொல்லிவிடுவாள் என்று பெரியக்கா எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தாள்.

"பாத்தேன்" என்றாள் மூட்டைக்காரி.

"என்ன?"

"அன்னைக்கு நான் முழிச்சுக்கிட்டுத்தான் படுத்திருந்தேன், அடுத்த தூணுல. பாத்தேன். அவரு கையை நீ மெதுவா எடுத்து உள்ள வெச்ச. போர்வைய இழுத்து விட்ட. எங்கம்மா போனப்புறம் எனக்கு யாரும் அப்பிடிப் போத்திவிட்டதில்லக்கா. சாகக் கெடக்கிற ஆளுன்னு எனக்கென்ன தெரியும்? கொடுத்துவெச்ச மனுசன்னு நெனச்சேன்." அவள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அப்புறம் நீ என் பக்கம் வந்த. நானும் கையை வெளிய நீட்டி வெச்சுக்கிட்டுக் கண்ணை மூடிக்கிட்டேன்."

பெரியக்கா நினைவுபடுத்திப் பார்த்தாள். அஞ்சாவது தூண், மூட்டை, போர்வை எல்லாம் ஞாபகம் வந்தன. அப்படி ஒரு கை மட்டும் ஞாபகம் வரவில்லை.

"நீ சுத்திப் பெருக்கிட்டுப் போயிட்ட" என்றாள் மூட்டைக்காரி.